பேட்மேன் '66, வொண்டர் வுமன் '77, கிரீன் ஹார்னெட்: எதை முதலில் வாங்கலாம்?

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் உலகத்தை அப்படியே எடுத்து டிசி நிறுவனம் வெளியிட்ட காமிக்ஸ்களில் மூன்றை அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். மூன்றும் வேண்டாம், ஒன்று போதும் என்பவர்கள் யோசிக்காமல் பேட்மேன் '66-ஐ எடுக்கலாம். மற்ற இரண்டும் மோசம் என்பதல்ல. ஆனால் ஒரு தொடரைத் தாளுக்குக் கொண்டுவரும்போது எதை விட வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று இதை உருவாக்கியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதலில் அந்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி. 1966 ஜனவரியிலிருந்து 1968 மார்ச் வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 120 பகுதிகள் ஓடியது. ஆடம் வெஸ்ட் பேட்மேன், பர்ட் வார்ட் ராபின். வில்லனின் மறைவிடம் என்றால் கேமரா சாய்ந்துவிடும். குத்து விழுந்தால் திரையில் 'பாவ்!' என்று எழுத்து வெடிக்கும். இத்தனை கூத்துக்கும் நடுவில் ஆடம் வெஸ்ட் ஒருமுறைகூடச் சிரிக்க மாட்டார். தெருவைக் கடப்பது, பால் குடிப்பது, வீட்டுப்பாடம் செய்வது எல்லாவற்றையும் ராபினுக்கு ஒரு வாத்தியாரைப் போல அக்கறையாகச் சொல்வார். சிரிப்பெல்லாம் பார்க்கிறவர்களுக்கு, அவருக்குக் கிடையாது. இந்த விறைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாமே வெறும் கோமாளித்தனமாகிவிடும். இந்த மூன்று காமிக்ஸ்களையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

தொடரை எடுத்தது ஃபாக்ஸ் நிறுவனம், பாத்திரங்கள் டிசியின் தாய் நிறுவனமான வார்னர் வசம். இந்த உரிமைச் சிக்கலால், அந்த நடிகர்களின் முகச்சாயலில் எதையும் வெளியிட முடியாமல் பல பத்தாண்டுகள் போயின. அது தீர்ந்த பிறகுதான் 2013-இல் ஜெஃப் பார்க்கர் எழுத்தில் பேட்மேன் '66 வந்தது. முதலில் டிஜிட்டலில், அப்புறம் அச்சில். மொத்தம் 30 அச்சிதழ்கள். அட்டைப்படங்கள் மைக் ஆல்ரெட்.

முதல் கதைக்கு ஜோனதன் கேஸ் வரைந்த பக்கங்களை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். வண்ணம் கோட்டுக்குள் அடங்காமல் கொஞ்சம் விலகி நிற்கும். மலிவுத் தாளில் அச்சடித்த அந்தக் காலத்துக் காமிக்ஸ்களில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஓட்டும்போது தாள் நகர்ந்து வருமே, அந்தப் பிழையை இங்கே வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கிறார்கள். கூடவே புள்ளிப் புள்ளியாய் நிழல்கள். தொலைக்காட்சியில் அட்டை செட்டும் பளீர் நிறமும் செய்த வேலையை இங்கே அச்சுப்பிழை செய்கிறது. எனக்கு இந்த வரிசை பிடித்துப்போனதே இந்த ஒரு யோசனையால்தான். சும்மா ஆடம் வெஸ்ட் முகத்தை மட்டும் வரைந்து வைத்திருந்தால் அது புகைப்பட ஆல்பம் மாதிரிதான் இருந்திருக்கும்.

போனது ஒன்றும் உண்டு. தொடரில் இருவரும் கயிறு பிடித்துச் சுவரேறும் காட்சி பிரபலம். தரையில் செட் போட்டு, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்தது. பார்க்கிற நமக்கும் அது தெரியும், வேடிக்கையே அதுதான். வரைந்த படத்தில் யாரும் எந்தச் சுவரிலும் ஏறலாம், அதனால் அந்தச் சிரிப்பு வராது. பார்க்கர் வேறு பக்கம் போகிறார். செலவுக்குப் பயந்து தொடர் தொடாததையெல்லாம் தாராளமாகச் செய்கிறார். ஹார்லி குவின், பேன் (Bane) போல அந்தத் தொடர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்த வில்லன்களும் வருகிறார்கள், ஆனால் 1966-இல் நடிக்க வந்திருந்தால் எப்படி இருந்திருப்பார்களோ அப்படி. பேட்மேனும் அதே விறைப்போடு அவர்களுக்கு அறிவுரை சொல்கிறார். குறை என்றால், ஓவியர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் தரம் ஏறி இறங்குகிறது. முப்பது இதழையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள், திகட்டும்.

வொண்டர் வுமன் '77-ஐ எழுதியவர்களில் முதன்மையானவர் மார்க் ஆண்ட்ரேகோ. லிண்டா கார்ட்டர் நடித்த தொடர் 1975-இல் ஏபிசியில் இரண்டாம் உலகப் போர்க் காலக் கதையாகத் தொடங்கி, 1977-இல் சிபிஎஸ்ஸுக்கு மாறியபோது நிகழ்காலத்துக்கு வந்தது. காமிக்ஸ் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது காலத்தை. தொடரில் வராத சீட்டா, சில்வர் ஸ்வான் போன்ற வில்லிகளெல்லாம் இங்கே வருவது நல்ல விஷயம். ஆனால் இந்தத் தொடரின் உயிர் இரண்டில் இருந்தது: கார்ட்டரின் கனிவு, அவர் கைவிரித்துச் சுழன்று உடை மாறும் அந்தக் கணம். சுழலும் யோசனையே நடனம் தெரிந்த கார்ட்டருடையதுதான். அசையாத கட்டத்துக்குள் அது பாதிதான் நிற்கிறது. கனிவு மட்டும் தப்பித்துவிட்டது. எதிரியை வீழ்த்திய பிறகும் அவளிடம் உட்கார்ந்து பேசுகிற டயானா (வொண்டர் வுமனின் இயற்பெயர்) இங்கேயும் இருக்கிறாள். கார்ட்டரின் ரசிகர்கள் மட்டும் என் வரிசையைத் தலைகீழாக்கி இதிலிருந்தே தொடங்கலாம்.

மூன்றாவது, பேட்மேன் '66 இன்னொரு முகமூடி நாயகனான கிரீன் ஹார்னெட்டைச் சந்திக்கும் ஆறு இதழ்கள். 2014-இல் கெவின் ஸ்மித்தும் ரால்ஃப் கார்மனும் எழுத, டை டெம்பிள்டன் வரைந்தது. அலெக்ஸ் ராஸின் அட்டைகள் சுவரில் மாட்டலாம் போல இருக்கும். வான் வில்லியம்ஸும் புரூஸ் லீயும் நடித்த கிரீன் ஹார்னெட் தொடர் 26 பகுதிகளோடு நின்றுபோனது. அதையும் பேட்மேனின் தயாரிப்பாளர் வில்லியம் டோசியர்தான் எடுத்தார், ஆனால் கோமாளித்தனம் இல்லாமல். 1967 மார்ச்சில் இரண்டு குழுவும் பேட்மேன் தொடரில் மோதிக்கொண்டன. அங்கே வந்த கர்னல் கம்தான் காமிக்ஸிலும் வில்லன். அதனால் அந்த இரண்டு பகுதிகளைப் பார்க்காதவர்களுக்குப் பாதிச் சுவை போய்விடும். பார்த்தவர்களுக்கு விருந்து. ஒரே கதையை ஆறு இதழுக்கு இழுத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த உலகத்துக்கு இரண்டு பகுதியில் முடியும் வேகம்தான் பொருந்தும்.

பேட்மேன் '66 பிடித்துவிட்டால், அடுத்து 2014-இல் வந்த 'தி லாஸ்ட் எபிசோட்' (The Lost Episode) இதழைத் தேடுங்கள். ஹார்லன் எலிசன் அந்தத் தொடருக்காக எழுதிக் கொடுத்து, படமாகாமலே போன, டூ-ஃபேஸ் என்ற வில்லனின் கதை அது. லென் வைன் காமிக்ஸ் வடிவம் கொடுக்க, ஹோசே லூயிஸ் கார்சியா-லோபஸ் வரைந்தார். எலிசனின் மூலக் கதைச்சுருக்கமும் கார்சியா-லோபஸின் பென்சில் பக்கங்களும் கூடவே இருக்கின்றன. தொலைக்காட்சிக்கு வந்து சேராத டூ-ஃபேஸ், பாதி முகம் சிதைந்து, வண்ணமில்லாத பென்சில் கோட்டில் நாணயத்தைச் சுண்டுவதை அதில் பார்க்கலாம்.