கலாத்தியாவுக்கு எந்தத் தண்ணி நல்லது: போரா, ஒகேனக்கலா, ஏசி தண்ணியா, மழையா?

தர்மபுரியில கலாத்தியாங்கற வீட்டுக்குள்ள வைக்கிற இலைச்செடிய வாங்குறவங்க முதல்ல கேக்குறது எந்த ஜன்னல் ஓரமா வைக்கறதுன்னுதான். நேர் வெயில் படாம வெளிச்சம் வர்ற இடம் எதுவா இருந்தாலும் சரிங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. நம்ம ஊர்ல செடிய காப்பாத்தறதும் கெடுக்கறதும் தண்ணிதான்.

நான் ஓசூர் போனப்ப ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், இலைக்கு அடிப்பக்கம் கருஞ்சிவப்பு, பொழுது சாஞ்சா கைகூப்புற மாதிரி இலையெல்லாம் மேல எழும்பிடும், காலையில திரும்ப விரியும், வீட்டுல பசங்க அதைப் பாக்கறதுக்குன்னே சீக்கிரம் எழுந்தாங்க. மூணாவது மாசம் இலை நுனியில கடுகளவு பழுப்பு வந்துச்சு, அதைச் சுத்தி மெல்லிசா ஒரு மஞ்சக் கோடு, அப்புறம் ஓரம் பூரா காகிதம் கருகின மாதிரி ஆயிடுச்சு. தண்ணி பத்தலையோன்னு நினைச்சு போர் தண்ணியவே இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தினேன், கருகல் இன்னும் அதிகமாச்சு.

காரணம் ஃபுளோரைடு. நம்ம பக்கத்துப் பாறையில இருந்து நிலத்தடி தண்ணியில கரையுது, பென்னாகரம் பக்கம் எங்க பெரியம்மா ஊர்ல பல பேருக்குப் பல்லுல பழுப்புக் கறை இருக்கறதுக்கும் இதேதான் காரணம். வேர் உறிஞ்சுற தண்ணி இலை வழியா ஆவியாப் போயிடும், ஃபுளோரைடு மட்டும் நுனியிலயும் ஓரத்துலயும் தங்கிச் சேந்துகிட்டே இருக்கும், அதனாலதான் கருகல் எப்பவும் நுனியில ஆரம்பிக்குது. கருகினது திரும்பப் பச்சையாகாது. ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்தினா போயிடும்னு சொல்வாங்க, குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது, கொதிக்க வச்சா தண்ணி சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும். டிடிஎஸ் மீட்டர்ல பாத்தாலும் தெரியாது, அது மொத்த உப்பத்தான் காட்டும். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்துப் பாருங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா மனுஷங்களே குடிக்கக் கூடாத தண்ணி அது.

ஒகேனக்கல் தண்ணி காவிரி ஆத்துத் தண்ணி. இந்த ஃபுளோரைடு பிரச்சனைக்காகவே ஜப்பான் கடனுதவியில கட்டி 2013-ல திறந்த திட்டம், கிருஷ்ணகிரிக்கும் சேத்துத்தான். கலாத்தியாவுக்குப் போர் தண்ணியோட ஒப்பிட்டா நல்ல வித்தியாசம் தெரியுது, குளோரின் வாசம் அடிச்சா மட்டும் ஒரு ராத்திரி திறந்து வைங்க. ஆனா குழாய்ல வர்றது எல்லாமே ஒகேனக்கல் தண்ணின்னு நம்பிடாதீங்க, சில தெருவுல போர் தண்ணியையும் கலந்து விடறாங்க. அதுவும் இல்லாம குடத்தோட காத்திருந்து பிடிக்கிற தண்ணிய தொட்டி தொட்டியா ஊத்த எனக்கு மனசு வரல, ஒரு செடின்னா வாரத்துக்கு ஒரு லிட்டருக்குள்ள முடிஞ்சிடும், பத்து செடின்னா யோசிங்க.

ஏப்ரல், மே மாசத்துக்கு எனக்குக் கைகொடுக்கறது ஏசி தண்ணி. காத்துல இருக்கற ஈரம் குளுந்து சொட்டுற தண்ணி, உப்பே கிடையாது, ராத்திரி பூரா ஓடினா வாளியில கணிசமாச் சேரும். பாசி பிடிக்க விடாம அன்னன்னிக்கே ஊத்திடணும், சத்து எதுவும் இல்லாததால மாசம் ஒருக்கா மண்புழு உரம் போடணும். ஆனா அதே ஏசி ரூம்ல செடிய வச்சுடாதீங்க, காத்து வறண்டு இலை சுருண்டுக்கும்.

ஆர்ஓ தண்ணியும் சரிதான். அதுல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணிய வீணாக்காம செடிக்கு ஊத்தறாங்க பாருங்க, கலாத்தியாவுக்கு அதை விடக் கெடுதல் கிடையாது, எடுத்த ஃபுளோரைடு பூரா அதுலதான் இருக்கு.

என் ஓட்டு மழைத்தண்ணிக்குத்தான். மொட்டை மாடியில இருந்து வர்ற முதல் மழைய விட்டுட்டு அடுத்ததுல இருந்து டிரம்ல பிடிச்சு, கொசு போகாம துணி கட்டி, வெளிச்சம் படாம மூடி வச்சிருக்கேன். ஐப்பசியில பிடிச்சது தை வரைக்கும் வந்துச்சு, அந்த நாலு மாசத்துல விட்ட புது இலை ஒண்ணுலகூட நுனி கருகல.

போர் மட்டும்தான் வழின்னா தயவுசெஞ்சு கலாத்தியா வாங்காதீங்க, மணி பிளாண்ட் வைங்க, எங்க வீட்டுல அதே தண்ணியில தளதளன்னு படருது. ஸ்பைடர் பிளாண்ட் வேண்டாம், லக்கி பேம்பூவும் வேண்டாம், பேர்லதான் மூங்கில், உள்ளபடி அது டிரசீனாங்கற வேற செடி, அந்த ரெண்டுக்குமே ஃபுளோரைடு ஆகாது.