வாடகை ஏவுகணையா, சொந்த ஏவுகணையா? சூயஸ் அடிக்கு லண்டனும் பாரிஸும் தேடிய மருந்து

1956 நவம்பர் 6. சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் போன பிரிட்டனும் பிரான்சும் பாதி வழியிலேயே சண்டையை நிறுத்தின. சோவியத் பிரதமர் புல்கானின் ராக்கெட் மிரட்டல் விட்டிருந்தார். ஆனால் லண்டனுக்கு உறைத்தது அது அல்ல, வாஷிங்டனின் பிடி. பவுண்டு சரிந்துகொண்டிருந்தது. ஐ.எம்.எஃப். பணம் வேண்டுமென்றால் முதலில் போரை நிறுத்து என்று ஐசன்ஹோவர் அரசு கறாராகச் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் பாரிஸுக்குத் தொலைபேசியில் முடிவைச் சொன்னபோது, பிரெஞ்சுப் பிரதமர் கீ மொல்லேவுடன் அங்கே இருந்தவர் மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடேனாவர்.

மூன்று தலைநகரங்களும் ஒரே காட்சியைப் பார்த்தன. இனி அமெரிக்காவை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது என்று லண்டன் முடிவெடுத்தது. இனி அமெரிக்காவை நம்பி ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்று பாரிஸ் முடிவெடுத்தது. சொந்தமாகக் குண்டு செய்ய வழியில்லாத பான் (அப்போதைய மேற்கு ஜெர்மனியின் தலைநகர்), அமெரிக்கக் குண்டில் ஒரு பங்கு கேட்டது. 2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்ப்புக்கும் ஜெலென்ஸ்கிக்கும் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு ஐரோப்பா தலையைச் சொறிந்துகொண்டு பார்ப்பதும் இதே மூன்று வழிகளைத்தான். புதிதாக நான்காவது ஒன்று முளைக்கவில்லை.

போர்க்கால வாக்குறுதிகளுக்கு என்ன ஆயிற்று

சந்தேகத்தின் வேர் சூயஸுக்கும் முந்தையது. 1943 ஆகஸ்ட்டில் கனடாவின் கீபெக்கில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் செய்த ஒப்பந்தப்படி, ஒருவர் சம்மதமின்றி மற்றவர் மூன்றாம் நாட்டின் மீது குண்டைப் பயன்படுத்தக் கூடாது. 1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹைட் பார்க்கில், போர் முடிந்த பிறகும் முழு ஒத்துழைப்பு தொடரும் என்று இன்னொரு தாளில் எழுதிக்கொண்டார்கள். ரூஸ்வெல்ட் இறந்த பின் அந்தத் தாளின் அமெரிக்கப் பிரதி கிடைக்கவில்லை. அணுகுண்டுத் திட்டத்துக்கு பிரிட்டன் வைத்திருந்த ரகசியப் பெயர் ‘டியூப் அலாய்ஸ்’. ஏதோ கப்பல் குழாய்ச் சமாச்சாரம் என்று நினைத்துக் கடற்படைக் காகிதங்களோடு கட்டிவைத்துவிட்டார்கள். காகிதம் கிடைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. இரண்டு தலைவர்கள் தமக்குள் எழுதிக்கொண்டது அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 1946இல் அங்கே வந்த மக்மேகன் சட்டம் அணு ரகசியங்களை எல்லா நாடுகளுக்கும் அடைத்தது, பிரிட்டனுக்கும் சேர்த்து.

பிரான்சுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. கனடாவின் மான்ட்ரியல் அணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பிரெஞ்சு விஞ்ஞானிகளுக்குத் தம் அரசிடமே வாய் திறக்கத் தடை. 1944 ஜூலையில் டி கோல் ஒட்டாவா வந்தபோது, அவர்களில் ஒருவரான ஜூல்ஸ் கெரோன் அவரைத் தனியே பிடித்துச் சில நிமிடங்களில் விஷயத்தைச் சொன்னார். தன் நாட்டின் தலைவருக்கே திருட்டுத்தனமாகத்தான் சொல்ல முடிந்தது என்பதை டி கோல் மறந்திருக்க மாட்டார்.

எவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்தது

இதில் பிரிட்டனுக்கே வெற்றி. ஆனால் அது வெறும் கெஞ்சலில் வந்ததல்ல. 1952 அக்டோபர் 3 அன்று ஆஸ்திரேலியாவின் மான்டெபெல்லோ தீவுகளில் முதல் குண்டு, 1957 நவம்பரில் கிறிஸ்துமஸ் தீவருகே ஹைட்ரஜன் குண்டு. இரண்டும் சொந்த உழைப்பு. ‘எங்களுக்கும் தெரியும்’ என்று காட்டிய பிறகே 1958 ஜூலையில் அமெரிக்காவுடன் அணு ரகசியங்களைப் பகிரும் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. கையில் சரக்கில்லாமல் போயிருந்தால் வாஷிங்டன் கதவைத் திறந்திருக்காது.

குண்டு இருந்தது, கொண்டுபோய்ப் போடும் வாகனம்தான் சிக்கல். புளூ ஸ்ட்ரீக் ஏவுகணைக்குத் திரவ ஆக்சிஜனை ஏவும் முன்தான் நிரப்ப வேண்டும். நிரப்பி முடிப்பதற்குள் சோவியத் ஏவுகணை தலைமேல் வந்துவிடும் என்ற பயத்தில் 1960இல் கைவிட்டார்கள். பதிலுக்கு, விமானத்திலிருந்து ஏவும் அமெரிக்க ஸ்கைபோல்ட்டை நம்பினார்கள். அதன் சோதனைகள் வரிசையாகத் தோற்றன. 1962 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா அதையும் நிறுத்தினார். கொடுமை என்னவென்றால், ரத்து முடிவான அதே வாரத்தில்தான் அது முதல்முறையாக ஒழுங்காகப் பறந்தது.

பஹாமாஸின் நசாவில் பிரிட்டிஷ் பிரதமர் மாக்மில்லன் கென்னடியிடம் வாதாடி வாங்கிவந்தது, நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ். ஏவுகணை அமெரிக்காவுடையது, குண்டும் நீர்மூழ்கியும் பிரிட்டனுடையவை. ஆராய்ச்சிச் செலவுக்காக விலையோடு 5 சதவீதம் கூடுதல். விற்பனை ஒப்பந்தம் 1963 ஏப்ரலில் கையெழுத்தானது; 1968 ஜூனில் ‘ரெசல்யூஷன்’ நீர்மூழ்கி 16 ஏவுகணைகளுடன் ரோந்து போய்விட்டது. ஐந்தே ஆண்டு.

பிரான்ஸ் 1950களின் நடுவில் அணு நீர்மூழ்கி கட்டத் தொடங்கி, செறிவூட்டாத யுரேனியத்தில் உலை வைக்கப் பார்த்தது. உலையின் எடை கப்பலுக்கு ஒத்துவராமல் 1959இல் விட்டுவிட்டது. சூயஸ் முடிந்து மாதம் திரும்பும் முன், 1956 நவம்பர் 30 அன்று, ராணுவமும் அணுசக்தி ஆணையமும் குண்டுச் சோதனைக்கான ரகசிய உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தன. 1960 பிப்ரவரி 13 அன்று அல்ஜீரிய சகாராவின் ரெகானில் வெடித்த முதல் குண்டின் ஆற்றல் சுமார் 70 கிலோடன். ஹைட்ரஜன் குண்டு 1968 ஆகஸ்ட்டில்தான். முதல் ஏவுகணை நீர்மூழ்கி ‘லெ ரெதூதாப்ள்’ ரோந்து போனது 1972இல். பிரிட்டனைவிட நான்கு ஆண்டு தாமதம், அதற்குப் பல மடங்கு பாடு: செறிவூட்ட பியர்லாத்தில் ஓர் ஆலை, தரையில் ஒரு மாதிரி உலை, சோதிக்க ஒரு தனி நீர்மூழ்கி. அமெரிக்கா தன் சக்திவாய்ந்த சி.டி.சி. 6600 கணினியை பிரெஞ்சு அணு ஆய்வகத்துக்கு விற்க மறுத்ததால், கணினித் தொழிலுக்கே அரசு தனித் திட்டம் போட வேண்டியிருந்தது.

பிடி யார் கையில்

போலாரிஸுக்குப் பின் பிரிட்டன் வாங்கிய டிரைடன்ட் ஏவுகணைக்கு வாஷிங்டனில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். இல்லை. பிரதமர் ஆணையிட்டால் நீர்மூழ்கியின் மாலுமிகள் அமெரிக்கச் சங்கேதக் குறியீடு எதுவும் இல்லாமலே ஏவ முடியும். பிடி இருப்பது பராமரிப்பில். ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே கிடங்கில் இரு நாட்டு ஏவுகணைகளும் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரிட்டனுக்கு 58 ஏவுகணைக்கு உரிமை உண்டு, ‘இதுதான் என்னுடையது’ என்று விரல் நீட்ட முடியாது. சட்டப்படி விலைக்கு வாங்கியது, நடைமுறையில் வாடகைக்கு எடுத்தது மாதிரி. நீர்மூழ்கி அங்கே போய் ஏற்றிக்கொண்டு ஸ்காட்லாந்து திரும்பும். அங்குள்ள கூல்போர்ட் கிடங்கில், பிரிட்டனின் ஆல்டர்மாஸ்டன் ஆலையில் செய்த குண்டுகளைப் பொருத்தி, ஃபாஸ்லேன் தளத்திலிருந்து ரோந்து கிளம்பும். பழுது பார்க்கும் காலம் வந்தால் ஏவுகணை மறுபடி ஜார்ஜியா போக வேண்டும். சோதனை ஏவுதலும் ஃப்ளோரிடாக் கரையோரம்தான். அமெரிக்கா நாளைக்கே முறைத்துக்கொண்டால் கடலில் இருக்கும் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. மாதங்கள், வருடங்கள் போகப் போகத்தான் நெஞ்சை அடைக்கும்.

2025 மார்ச்சில் உக்ரைனுக்கு ஆயுதமும் உளவுத் தகவலும் தருவதை அமெரிக்கா நிறுத்தியதை இதோடு வைத்துப் பார்க்கலாம். யாரும் எந்த ஆயுதத்தையும் தொலைவிலிருந்து முடக்கவில்லை. குழாயை மூடினார்கள், அவ்வளவுதான். சில நாளில் ஜெட்டா பேச்சுக்குப் பின் திறந்தும் விட்டார்கள். ஆனால் மூட முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பிரெஞ்சு நீர்மூழ்கி ஏவுகணையான எம்51, குண்டு, உலை, பிரெஸ்ட் அருகே ஈல் லாங் தளம் எல்லாம் உள்நாட்டுச் சரக்கு. அதற்காக ‘முழுச் சுதந்திரம்’ என்ற பாரிஸின் மார்தட்டலை அப்படியே நம்ப வேண்டியதில்லை. முதல் அணுக்குண்டு விமானமான மிராஜ் 4க்குச் சோவியத் வரை போய்வர எரிபொருள் போதாது. நடுவானில் நிரப்பியவை அமெரிக்காவிடம் வாங்கிய 12 போயிங் டேங்கர்கள். நீர்மூழ்கியின் மாதிரி உலைக்கான 440 கிலோ செறிவூட்டிய யுரேனியமும் 1959 ஒப்பந்தப்படி அமெரிக்கா கொடுத்ததே. 1970களில் நிக்சன் காலத்தில் அமெரிக்க நிபுணர்கள் பிரெஞ்சு வடிவமைப்பாளர்களுக்கு ‘அந்தப் பக்கம் போகாதே’ என்ற அளவில் ரகசியமாக யோசனை சொல்லிவந்ததை, 1989இல் ரிச்சர்ட் உல்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வெளிக்கொண்டுவந்தார். இன்றைக்கும் ‘ஷார்ல் டி கோல்’ விமானந்தாங்கியில் ரஃபேலை உந்தித் தள்ளும் விசைப்பொறி அமெரிக்கத் தயாரிப்பு. வித்தியாசம் இதுதான்: இந்த உதவிகள் நின்றால் பிரான்சின் ஒரு கை சுணங்கும், நீர்மூழ்கிப் படை தொடர்ந்து ஓடும்.

செலவும் கோளாறும்

வாடகை மலிவு என்பது பாதி உண்மை. அமெரிக்கா போலாரிஸை விட்டுப் புது ஏவுகணைக்குப் போனதும் பிரிட்டன் அநாதையாக நின்றது. மாஸ்கோவின் எதிர்ப்பு ஏவுகணைகளை ஏமாற்றப் போலாரிஸின் தலைப்பகுதியைத் தனியாகத் திருத்திய ஷெவலைன் திட்டம் 100 கோடி பவுண்டை விழுங்கியது. அதை நாடாளுமன்றத்துக்கே 1980இல்தான் சொன்னார்கள். அந்தச் சூடு மறக்காததால், 1980இல் டிரைடன்ட் சி4 கேட்ட பிரிட்டன், ரீகன் அடுத்த ரகமான டி5க்குத் தாவியதும் 1982இல் தானும் பின்னால் தாவியது. இப்போது கட்டும் நான்கு டிரெட்நாட் நீர்மூழ்கிகளுக்கு 3,100 கோடி பவுண்டும் கைக்காவலாக 1,000 கோடியும் ஒதுக்கியிருக்கிறார்கள். பிரான்ஸ் 2024–30 ராணுவத் திட்டத்தின் 41,300 கோடி யூரோவில் சுமார் 13 சதவீதத்தை அணு ஆயுதத்துக்கு வைத்திருக்கிறது.

தோல்வி இரு பக்கமும் உண்டு. 2016லும் 2024 ஜனவரியிலும் பிரிட்டனின் டிரைடன்ட் சோதனைகள் சொதப்பின. 2013 மே மாதம் எம்51 ஏவிய சற்று நேரத்தில் அழிந்தது. ஆனால் 1998இல் விமானக் குண்டுகளை ஒழித்த பிரிட்டனிடம் மிச்சமிருப்பது நீர்மூழ்கி மட்டும். பிரான்சிடம் ரஃபேல் சுமக்கும் ஏவுகணையும் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரே ஒரு தடவை எச்சரிக்கை அடி கொடுப்பது அவர்கள் கோட்பாடு.

அடுத்தவருக்குக் குடை பிடிப்பார்களா

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. நசா உடன்பாட்டின்படி பிரிட்டனின் ஏவுகணைகள் நேட்டோவுக்கு ஒதுக்கப்பட்டவை. ‘உச்சகட்டத் தேச நலன்’ என்ற ஒரு விலக்கு மட்டும் உண்டு. பிரான்ஸ் 1966 மார்ச்சில் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பை விட்டு வெளியேறி, தலைமையகத்தையும் பாரிஸிலிருந்து கிளப்பி பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பியது. 2009இல் திரும்பி வந்தாலும் நேட்டோவின் அணுத் திட்டக் குழுவில் இன்றும் உட்காருவதில்லை. தன் உயிர்நலனுக்கு ஐரோப்பியப் பரிமாணம் உண்டு என்று 2020இல் மக்ரோன் சொன்னார். எந்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். நம்பத்தக்க ஆயுதம் வைத்திருப்பவர் வாக்குக் கொடுக்கத் தயங்குகிறார். வாக்குக் கொடுத்தவரின் ஆயுதம் ஜார்ஜியாவைப் பார்த்து நிற்கிறது.

ஜெர்மன் வழியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 1954இல் அணு, உயிரியல், ரசாயன ஆயுதம் தயாரிப்பதில்லை என்று அடேனாவர் எழுதிக்கொடுத்தார். 1990 ஒப்பந்தம் அதை உறுதிசெய்தது. இரண்டுக்கும் இடையே 25 கப்பல்களில் பல நாட்டு மாலுமிகளுடன் 200 போலாரிஸ் என்றொரு கூட்டுப்படை யோசனை வந்து, 1964 கடைசியில் அமெரிக்க அதிபர் ஜான்சன் கைகழுவ, கிடப்புக்குப் போனது. மிஞ்சியது பகிர்வு ஏற்பாடு. ஜெர்மனியின் பூஷெல் விமானத் தளத்தில், நிலவறைப் பெட்டகங்களில் அமெரிக்கக் காவலில் பி61 குண்டுகள். அமெரிக்க அதிபர் குறியீடு கொடுத்தால் ஜெர்மன் விமானி கொண்டுபோவார். அதற்காகவே 2022இல் 35 எஃப்-35ஏ போர் விமானங்கள் வாங்க ஜெர்மனி முடிவெடுத்தது. 2025 ஜூனில் பிரிட்டனும் 12 விமானங்களோடு இந்த வரிசையில் சேர்வதாக அறிவித்தது. அமெரிக்கா இருக்கும் வரை மூன்று வழிகளிலும் செலவு குறைந்தது இதுதான். அமெரிக்கா போனால் மிச்சம் பூஜ்யம்.

வார்சாவிலோ பெர்லினிலோ உட்கார்ந்து தேர்ந்தெடுப்பவருக்கு, எதைக் கண்டு பயம் என்பதைப் பொறுத்தே விடை. ரஷ்யா ஒரு சின்ன அடி வைத்துச் சோதித்துப் பார்க்கும் என்றால் பி61தான் கைக்கு எட்டுவது. அமெரிக்கா சில வருடம் முகம் திருப்பும் என்றால் பிரிட்டனின் கடல் ரோந்து தாக்குப்பிடிக்கும். ஒரேயடியாகப் போய்விடும் என்றால் பிரான்சைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆனால் 2025இல் அதனிடம் இருந்த சுமார் 290 குண்டுகளும் பிரான்சைக் காக்க அளந்து செய்யப்பட்டவை. பிரிட்டனின் 225ஐச் சேர்த்தாலும், எதிரே ரஷ்யாவின் கிடங்கில் 4,000க்கு மேல். ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் மாஸ்கோ இரண்டு மனங்களைக் கணக்கிட வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. 2025 ஜூலையில் பிரிட்டனும் பிரான்சும் வெளியிட்ட நார்த்வுட் அறிக்கை அந்தப் பக்கம்தான் போகிறது: ஐரோப்பாவுக்கு உச்ச அபாயம் வந்தால் இரு நாடுகளும் பதில் கொடுக்கும் என்று சொல்லி, ஒருங்கிணைக்க ஒரு குழுவையும் அமைத்தார்கள்.

அந்த அறிக்கை தொடாத ஒன்று தொழிற்சாலையில் நடந்துகொண்டிருக்கிறது. ஆல்டர்மாஸ்டனின் அடுத்த குண்டான ‘அஸ்ட்ரியா’, அமெரிக்கா தன் டபிள்யூ93 குண்டுக்கு உருவாக்கும் அதே கூம்புறைக்குள் அடங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஷெர்பூரில் பிரான்ஸ் தன் மூன்றாம் தலைமுறை நீர்மூழ்கிக்கு 2024 மார்ச்சில் இரும்பு வெட்டத் தொடங்கிவிட்டது; முதலாவது கடலுக்கு வர 2030களின் நடுப்பகுதி ஆகும்.