ஆக்கள் நல்லம், கணக்குத்தான் சரியில்லை: லண்டன் வீட்டுப் பராமரிப்பு

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகு கவுன்சில் ஒழுங்குபண்ணின ஏஜென்சி ஒண்டைப் பற்றி எழுதுறன். பெயர் போடேல்லை.

காலமை அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம். அதுக்குள்ளை மேல் கழுவி, உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்தி, குளிசையும் குடுக்க வேணும். காலமை வாற கானா நாட்டுப் பெண் புட்டைச் சொதியிலை குழைக்கவே பழகிட்டா. அம்மா எங்களிட்டை மாட்டன் எண்டுற குளிசையை அவவிட்டை வாயைத் திறந்து வாங்குவா. சனி, ஞாயிறுதான் கரைச்சல். ஒவ்வொரு முறையும் புது ஆள். பாட் (மூத்திரத்துக்குக் கட்டுற பாட்) எங்கை, துவாய் எங்கை எண்டு முதலிலை இருந்து சொல்ல வேணும்.

இனிக் காசு. இங்கிலாந்திலை சேமிப்பு 23,250 பவுண்ஸைத் தாண்டினால் முழுச் செலவும் எங்கடை தலையிலை. 2010இலை இருந்து அந்த எல்லை அசையவே இல்லை. அம்மா அதுக்குக் கீழை, 14,250க்கு மேலை. அப்பிடியெண்டால் மேலதிகமா இருக்கிற ஒவ்வொரு 250 பவுண்ஸுக்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் வருதெண்டு கணக்குப் போடுவினம். வருசத்துக்கு 20 வீதத்துக்கும் மேலை! அப்பிடி வட்டி தாற வங்கியையும் காட்டினால் புண்ணியமாப் போகும்.

வீட்டிலை வைச்சுப் பார்த்தால், அவ இருக்கிற வீட்டை இந்தச் சேமிப்புக் கணக்கிலை சேர்க்கமாட்டினம். தாலிக்கொடியையும் எழுதோணுமோ எண்டு அம்மா பயந்தா; தேவையில்லை.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் எண்டு, பராமரிப்புத் தேவைப்படுற வயசானவைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு ஒண்டு இருக்கு. அதுக்குச் சேமிப்புப் பார்க்கிறேல்லை, கட்டாயம் விண்ணப்பம் போடுங்கோ. ஆனால் கவுன்சில் அதையும் வருமானமாப் பிடிக்கும். அதாலை பாட் வாங்கின றிசீட், கூடின ஹீட்டிங் பில், லொண்டரிச் செலவு எல்லாத்தையும் காட்டிக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கோ. கேளாமல் ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

ஒருத்தர் பராமரிப்புக்கு வாழ்நாளிலை கட்டுறதுக்கு ஒரு உச்சவரம்பு வேணுமெண்டு, அரசாங்கம் அமைச்ச டில்னொட் ஆணைக்குழு சொன்னது 2011இலை. 86,000 பவுண்ஸ் எண்டு 2023 ஒக்டோபரிலை வரும் எண்டினம், பிறகு 2025 எண்டினம், 2024 யூலையிலை லேபர் அரசாங்கம் அடியோடை கைவிட்டிட்டுது. இப்ப லூயிஸ் கேசி தலைமையிலை இன்னொரு ஆணைக்குழு. அதின்ரை கடைசி அறிக்கை 2028இலை. ஸ்கொட்லாந்திலை எண்டால் 65 தாண்டினவைக்கு இந்தக் கழுவித் துடைக்கிற பராமரிப்பு 2002இலை இருந்து இலவசம்.

ஏஜென்சிக்கு நாலு நட்சத்திரம். ஒண்டை வெட்டினது சனி, ஞாயிறுக்கு. கவுன்சிலின்ரை கணக்குக்கு ஒண்டுகூட இல்லை.