15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு "கிண்டி கன்ஃபார்ம்" என்கிறார்கள், கடலூர்க்காரர்கள் உஷார்

திருப்பாதிரிப்புலியூர் பக்கம், பொறியியல் கவுன்சலிங்கில் எந்த சீட் கிடைக்கும் என்று கணித்துச் சொல்லும் ஆலோசனை மையம் ஒன்று. பெயர் வேண்டாம். அண்ணன் மகளுக்கு அண்ணா பல்கலையின் கிண்டி பொறியியல் கல்லூரி நிச்சயம் என்று 15,000 ரூபாய் வாங்கியவர்கள் நேற்று கையை விரித்துவிட்டார்கள்.

கணக்கு 96, இயற்பியல் 92, வேதியியல் 94. கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதி: 200க்கு கட்-ஆஃப் 189. எம்பிசி பிரிவு. மையத்திலிருந்த பையன் லேப்டாப்பில் பச்சைக் கட்டத்தைக் காட்டி, "கிண்டி இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) 85 பர்சன்ட் அக்கா, பாப்பா பெட்டியைக் கட்டலாம்" என்றிருக்கிறான். அண்ணி அங்கேயே ஜிபே பண்ணிவிட்டார்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் கடைசி கட்-ஆஃப் அது! பெண் படித்தது தனியார் பள்ளி. அவளுக்குப் பொதுக் கலந்தாய்வின் எம்பிசி வரிசைதான். அதிலும் மார்க்கை மார்க்கோடு ஒப்பிடக் கூடாது. கேள்வித்தாள் சுலபமாக வந்த வருஷம் எல்லாருக்கும் மார்க் ஏறும், அதே 189 பின்னால் தள்ளப்படும். கம்யூனிட்டி ரேங்க், அதாவது தன் பிரிவுக்குள் எத்தனையாவது இடம் என்பதுதான் ஓரளவு நம்பக்கூடியது. ரேங்க் லிஸ்ட் வருமுன் சதவீதம் சொல்வதெல்லாம் பித்தலாட்டம்.

எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தும் சாய்ஸ் லிஸ்ட்டையும் அவர்களே போட்டார்கள். மேலே கிண்டி, அடுத்து குரோம்பேட்டை எம்ஐடி, அதற்குக் கீழே முழுக்கத் தனியார் கல்லூரிகள். சாய்ஸுக்கு உச்சவரம்பே கிடையாது. மேலிருந்து பார்த்து உங்கள் ரேங்குக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் சிஸ்டம் தரும். அதனால் ஆசைப்பட்டதை மேலே, கிடைக்கக்கூடியதை நடுவில், நிச்சயமானதைக் கீழே என்று நீளமாகப் போட்டால் நஷ்டமே இல்லை. பக்கத்திலிருக்கும் அண்ணா பல்கலையின் பண்ருட்டி உறுப்புக் கல்லூரியைக்கூடச் சேர்க்கவில்லை. கடைசியில் மூன்றாவதாக இருந்த தனியார் கல்லூரிதான் கிடைத்தது.

போன் போட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்". நேரில் போனால் "அடுத்த ரவுண்டுல மேல ஏறும்". லிஸ்ட்டில் அதற்கு மேலே இருப்பது கிண்டியும் எம்ஐடியும்தான், எங்கே ஏறும்? கடைசியில் "ஆலோசனைக் கட்டணம் திருப்பித் தரப்படாதுன்னு ரசீதுலயே இருக்கே". 15,000 ரூபாய்!

ரேங்க் லிஸ்ட் வராமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். கவுன்சலிங் பாஸ்வேர்டு, ஓடிபி தரவே தராதீர்கள். பழைய ஒதுக்கீட்டு விவரம் டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) தளத்தில் இலவசம், அதன் உதவி மையமான டிஎஃப்சியிலும் காசில்லாமல் உதவுவார்கள். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு சென்டாக் என்ற தனிக் கலந்தாய்வு, இந்தக் கணக்கை அங்கே போடாதீர்கள். இதே இடத்தில் பணம் கட்டியவர்கள் ரசீதோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.