பொருளா, பணமா? வன்னி சொல்லும் கணக்கு

போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு என்று வசூலில் இறங்கினால், பொருளாகத் திரட்டுவதா பணமாகத் திரட்டுவதா என்பதில்தான் முதல் சண்டை வரும். அங்கே யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

2008 இறுதியில் தமிழ்நாட்டில் திரட்டிய பொருட்கள் குடும்பத்துக்கு ஒரு பொதியாகக் கட்டப்பட்டு, சென்னையிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போய், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு வழியாக, இலங்கையின் வடக்கே போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் போயின. டெல்லியும் கொழும்பும் பேசி முடித்த பிறகு கிளம்பிய சரக்கு அது. அடுத்த வருடம் புலம்பெயர்ந்த தமிழர்கள் ஐரோப்பாவில் திரட்டிய 884 டன் பொருட்களோடு 'வணங்காமண்' கப்பல் மே மாதம் பிரான்ஸிலிருந்து கிளம்பியது, வந்து சேர்வதற்குள் போரே முடிந்துவிட்டது. ஜூனில் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்ப, சென்னைக்கு வந்து இறக்கி, வேறு கப்பலில் ஏற்றி, மறுபடி கொழும்பு போனால் அங்கே துறைமுகக் கட்டணத்தை யார் கட்டுவது என்று மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குண்டு விழுகிற நேரத்தில் அனுமதிக் கடிதத்துக்காக உட்கார்ந்திருக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் மருந்தின் காலாவதித் தேதி யாருக்காகவும் நிற்காதே.

சரி, பணம்? கடை திறந்திருக்கிற ஊரில் பணம்தான் மேல். லெபனானில் சிரிய அகதிகளுக்கு உலக உணவுத் திட்டம் 2013-இல் கார்டு கொடுக்கத் தொடங்கியது. மாதாமாதம் அதில் பணம் ஏறியது, திட்டத்தில் சேர்ந்த கடைகளில் வேண்டிய உணவுப் பொருளை வாங்கிக்கொள்ள முடிந்தது. கப்பல் வாடகை, கிடங்கு, சுங்கம் என்ற தலைவலி இல்லை, உள்ளூர்க் கடைக்காரருக்கும் வியாபாரம். வீட்டில் எண்ணெய் தீர்ந்ததா பருப்பு தீர்ந்ததா என்பது லண்டனிலோ சென்னையிலோ மூட்டை கட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

அதே கார்டை 2009-இல், வன்னிப் போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த வவுனியா மெனிக் பார்ம் முகாமில் கொடுத்திருந்தால்? முட்கம்பிக்குள் லட்சக்கணக்கானவர்கள், டிசம்பர் வரை வெளியே போய்வர சுதந்திரம் இல்லை. அங்கே தண்ணீரும் சாப்பாடும் மருந்தும் பொருளாகத்தான் உள்ளே போயாக வேண்டும்.

அதனால் வசூலுக்கு வருபவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: அந்த ஊரில் கடை ஓடுகிறதா, ஓடவில்லை என்றால் உள்ளே கொண்டுபோக அனுமதி யார் கையில் இருக்கிறது. முதல் கேள்விக்கு ஆம் என்றால் பணம் தருவேன். இரண்டாவதற்கு உருப்படியான பதில் வந்தால் அரிசி மூட்டை. பழைய புடவைக் கட்டு மட்டும் எதற்கும் கிடையாது.