களஞ்சியம் நிறைந்தது, கேள்விகள் குறையவில்லை: குழுமங்களுக்கிடையே அறிவுப் பகிர்வு குறித்த நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பல பிரிவுகள் கொண்ட ஒரு பெரிய நிறுவனத்தில் வடிவமைப்பு, பராமரிப்பு, கொள்முதல், பாதுகாப்பு ஆகிய நான்கு தொழில்முறைக் குழுமங்கள் தங்களுக்குள் அறிவைப் பகிர்ந்துகொள்வதற்கென்று ஓர் ஏற்பாடு உருவாக்கப்பட்டது. அதை நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்; அதன் ஒரு பகுதியை நடத்தும் பொறுப்பும் என்னிடம் உள்ளது. விக்கி (எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய பக்கங்களின் தொகுப்பு), தேடல் வசதி, சாட் குழுக்கள், மாதக் கூட்டம் என்று இதில் இருப்பவை யாவும் எந்தப் பெரிய நிறுவனத்திலும் கிடைப்பவைதான் என்பதால் எந்த மென்பொருள் என்ற பேச்சுக்குள் போகவில்லை. எது நிலைத்தது, எது கழன்று விழுந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

குழுமம் என்று நான் சொல்வது நிறுவன வரைபடத்தில் உள்ள பிரிவை அல்ல. ஒரே வேலையைச் செய்து, அந்த வேலையின் வழியாகவே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் மக்கள் என்ற பொருளில், கற்றல் ஆய்வாளர்களான ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் முன்வைத்த கருத்து அது. புதிதாக வருபவர் விளிம்பில் நின்று சிறு வேலைகளைச் செய்து படிப்படியாக உள்ளே வருகிறார்; கூடவே அந்தக் குழுமத்தின் குறுக்குவழிகளும், சுருக்கப் பேச்சும், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்ற உணர்வும் அவருக்குப் படிகின்றன. உள்ளே இருப்பவர்களை நெருக்கமாக்கும் இதே பண்புதான் வெளியே இருப்பவருக்குக் குழுமத்தைப் புரியாததாக ஆக்குகிறது. ஆகவே குழுமங்களை வலுப்படுத்திவிட்டால் பகிர்வு தானே நடக்கும் என்ற எதிர்பார்ப்பு தொடக்கத்திலேயே தவறு. எங்கள் ஏற்பாட்டின் முதல் வடிவம் அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் எழுப்பப்பட்டது.

அந்த முதல் வடிவத்தில் எல்லோரும் விக்கியில் எழுத வேண்டும், எழுதுபவருக்குப் புள்ளிகள் உண்டு என்பது விதி. பக்கங்கள் குவிந்தன, பெரும்பாலானவை கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்கள். தொலைபேசியில் வரும் கேள்விகள் மட்டும் குறையவில்லை. மக்கள் பகிர மறுக்கிறார்கள், ஊக்கத்தொகை கொடுத்தால் சரியாகும் என்று மேலிடம் நினைத்தது. கேப்ரியல் சுலான்ஸ்கி 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான ஒன்றைச் சொல்கிறது: ஒரு நிறுவனத்துக்குள் நல்ல நடைமுறை பரவாமல் நிற்பதற்கு மனமில்லாமையைவிடப் பெரிய காரணங்கள், பெறுபவரிடம் அதை உள்வாங்கும் அடிப்படை இல்லாததும், அந்த நடைமுறை ஏன் பலன் தருகிறது என்பது தருபவருக்கே தெளிவாகத் தெரியாததும், இரு தரப்புக்கும் இடையிலான உறவு கடினமாக இருப்பதும்தான். புள்ளிகள் இந்த மூன்றில் எதையும் தொடவில்லை.

இதே காலத்தில் பராமரிப்புக் குழுமத்துக்குள் மட்டும் ஒன்று நன்றாக ஓடியது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் பழுதுநீக்குநர்கள் பயன்படுத்திய யுரேகா என்ற ஏற்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, களத்தில் கண்டுபிடித்த குறிப்புகளைச் சக பணியாளர்களே சரிபார்த்து, எழுதியவரின் பெயரோடு வெளியிடும் முறை அது. தன் பெயரோடு ஒரு குறிப்பு நிற்பதும், அதைச் சரிபார்த்தவர் வேலை தெரிந்தவராக இருப்பதும் எந்தப் புள்ளியையும்விட மதிப்புடையவையாக இருந்தன. ஆனால் அதே குறிப்புகளை வடிவமைப்புக் குழுமத்துக்குத் திறந்துவிட்டபோது யாரும் தொடவில்லை. யுரேகா ஒரே குழுமத்துக்குள் ஓடிய ஏற்பாடு என்பதை முன்மாதிரி தேடுபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

மோர்ட்டன் ஹான்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தின் 41 பிரிவுகளில் நடந்த 120 புதிய பொருள் உருவாக்கத் திட்டங்களை ஆராய்ந்து, பிரிவுகளுக்கு இடையிலான மெல்லிய தொடர்புகள் பயனுள்ள அறிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுகின்றன, ஆனால் சிக்கலான அறிவைக் கைமாற்ற அவை போதாது என்று அவர் காட்டினார். எங்கள் விக்கி, தேடல், சாட் எல்லாமே கண்டுபிடிக்கும் கருவிகள். கைமாற்றுவதற்கு எதுவுமே வைத்திருக்கவில்லை.

இரண்டாம் வடிவத்தில் வந்தவற்றில் மிகச் சிறப்பாக நிலைத்தது ஒரு பக்கப் படிவம் ஒன்று. சூசன் லீ ஸ்டாரும் ஜேம்ஸ் கிரீஸெமரும் 1989-இல், பெர்க்லியில் உள்ள முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தின் தொடக்ககால வரலாற்றை எழுதும்போது, அறிவியலாளர்களும் ஆர்வலர்களான சேகரிப்பாளர்களும் விலங்குப் பொறி வைப்பவர்களும் நிர்வாகிகளும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகாமலேயே சேர்ந்து உழைத்ததை விளக்கினார்கள். சீரான சேகரிப்புப் படிவங்கள் போன்ற பொதுப் பொருள்கள் அதற்கு உதவின. ஒவ்வொருவரும் அவற்றைத் தத்தம் தேவைக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டார்கள். எங்கள் படிவமும் அந்த வகைதான்.

ஒரு பம்பின் தண்டு சீல் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பாகம்) அடிக்கடி கசிவதாக வைத்துக்கொள்வோம். படிவத்தின் முதல் கட்டத்தில், கழற்றியபோது சீலின் முகம் எப்படி இருந்தது, எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்பதைப் பராமரிப்பவர் படத்தோடு பதிவு செய்கிறார். அடுத்த கட்டத்தில், அந்தச் சீல் எந்த வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் தேர்வு செய்யப்பட்டது என்று வடிவமைப்பாளர் எழுதுகிறார். மூன்றாவதில், இடையில் மாற்றுப் பொருள் வாங்கப்பட்டதா, எந்த நிபந்தனையின் கீழ் என்று கொள்முதல் தரப்பு எழுதுகிறது. காரணம் என்ன என்ற கட்டம் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்திருந்தால் முதல் நாளிலிருந்தே படிவம் பழி சுமத்தும் இடமாகியிருக்கும். கீழே இரண்டே வரிகள்: இது பற்றிக் கேட்க வேண்டியவரின் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி. மூன்று கட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, மாற்றுச் சீலின் ரப்பர் வேறு வகை என்பது யாரும் வாதிடாமலேயே தெரிந்துவிடுகிறது.

படிவத்துக்கு அடுத்தது இணைப்பாளர். ஒவ்வொரு குழுமத்திலிருந்தும் ஒருவர், வாரத்தில் ஒரு நாள் வேறொரு குழுமத்தோடு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். சமூகவியலாளர் ரொனால்ட் பர்ட் 1992 முதல் எழுதிவருவதைப் போல, ஒன்றோடொன்று தொடர்பில்லாத குழுக்களுக்கு நடுவே நிற்பவருக்குப் புதிய தகவலும் யோசனையும் முதலில் கிடைக்கின்றன. ஆனால் இணைப்பாளருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது சொந்தப் பிரிவின் மேலாளர். அந்த ஒரு நாள் மேலாளரின் கண்ணுக்குத் தொலைந்த நாள். மதிப்பீட்டில் மற்றக் குழுமத்தின் கருத்தையும் சேர்க்கும்வரை நல்ல ஆட்கள் இந்தப் பொறுப்பைத் தவிர்த்தார்கள். அவர்கள்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரே இணைப்பாளரை நம்பியிருப்பதும் ஆபத்து: அவர் இடமாற்றத்தில் போனால் எல்லாம் அவரோடு போகிறது. இப்போது இருவர், அவர்களின் பணிக்காலம் ஒன்றோடொன்று மேற்படியும்படி வைக்கிறோம்.

சாட் குழுக்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. யாரைக் கேட்பது என்று அறிய அவை நல்லவை, கிடைத்த பதிலைக் காப்பாற்ற ஆகாதவை. ஒரு சிறு விதி மட்டும் எதிர்பாராத அளவு பலன் தந்தது: பதில் சொன்னவர் அல்ல, கேள்வி கேட்டவரே அதை விக்கியில் எழுத வேண்டும். எது புரியாமல் இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். நிபுணரோ அதைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடுவார்.

மாதக் கூட்டத்தில் சாதனைகளை ஸ்லைடுகளாகக் காட்டும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். தீராத ஒரு சிக்கலோடு ஒருவர் வருகிறார். மற்றக் குழுமங்கள் கேள்வி கேட்கின்றன. வருகை குறைந்தது, பேச்சு கூடியது.

விக்கியின் அடுக்குமுறை தனிக் கதை. கணினி நிரலாளர் மெல்வின் கான்வே 1968-இல், நிறுவனங்கள் உருவாக்கும் அமைப்புகள் அவற்றின் தகவல்தொடர்புக் கட்டமைப்பையே பிரதி எடுக்கும் என்று எழுதினார். எங்கள் கோப்புறைகள் அப்படியே பிரிவுகளின் பெயரில் இருந்தன. ஒரு மறுசீரமைப்பு வந்ததும் பாதிப் பெயர்கள் பொருளற்றுப் போயின, இணைப்புகள் அறுந்தன. பிறகு இயந்திர வகைப்படி மாற்றி அடுக்கினோம். பிரிவுகள் எத்தனை முறை கலைந்தாலும் பம்பு பம்பாகத்தான் இருக்கும்.

அளவீட்டில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. டேஷ்போர்டில் பக்கங்களின் எண்ணிக்கையும் பார்வைகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை மேலிடத்தை மகிழ்விக்கின்றன. நான் பார்ப்பது வேறு: ஒரு குழுமத்தின் படிவம் காரணமாக இன்னொரு குழுமத்தின் வரைபடமோ, கொள்முதல் நிபந்தனையோ, பராமரிப்பு அட்டவணையோ மாறியதா? இதைக் கையால்தான் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது, நேரமும் எடுக்கிறது.

எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த சிறிய நிறுவனத்துக்கு இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றின் வேலை மற்றொன்றைத் தொடாத குழுமங்களை இணைக்கவும் இது வேண்டாம். ஒருவர் எடுக்கும் முடிவின் விளைவை வேறொரு தளத்தில் இன்னொருவர் சுமக்கும் இடத்தில்தான் இதற்கான செலவு நியாயமாகிறது. பாதுகாப்புக் குழுமத்தின் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. விசாரணை முடியும்வரை விபத்து அறிக்கைகளை அவர்களால் வெளியிட முடியாது. மற்றவர்களுக்கோ அந்தத் தகவல் அந்த வாரமே தேவை. பெயரும் இடமும் நீக்கிய சுருக்கக் குறிப்பை மட்டும் உடனே வெளியிடுவது என்று இப்போது சோதித்து வருகிறோம். எவ்வளவு நீக்கினால் போதும் என்பதில் அவர்களும் பராமரிப்பாளர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை.