வேக்குவம் பம்போடு எட்டு ஆண்டுகள்: பட்டறையில் நான்கு, ஆய்வகத்தில் நான்கு

பினாங்கில் பத்து மாவுங் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அப்புறம் தீவிலேயே ஒரு செடி ஆய்வகத்துக்கு மாறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு இடத்திலும் செய்வது ஒரே வேலைதான்: காற்றை வெளியே எடுத்து, அது இருந்த இடத்தில் திரவத்தை இறக்குவது. அங்கே ரெசின் என்ற, கலக்கியபின் இறுகும் பிசின்; இங்கே பாக்டீரியா கலந்த நீர். பம்பும் ஒரே வகை, எண்ணெய் ஊற்றும் ரோட்டரி பம்பு.

பட்டறையில் நாங்கள் படகுக்கான மூடிகள் செய்தோம். அச்சில் மெழுகு தேய்த்து, கண்ணாடி இழைத் துணியைக் காய்ந்தபடியே அடுக்கி, மேலே வலையும் சுருள் குழாயும் வைத்து, பிளாஸ்டிக் பையால் மூடி ஓரமெல்லாம் ஒட்டு நாடாவால் அடைப்போம். பம்பு ஓடியதும் பை துணியை இறுக்கிப் பிடிக்கும். ரெசின் குழாயைத் திறந்தால் வெளிக்காற்றின் அழுத்தமே ரெசினை உள்ளே தள்ளும். வெள்ளைத் துணி நனைந்து கண்ணாடி போலத் தெளிந்துகொண்டே போகும். அந்த விளிம்பு முதலில் வேகமாக ஓடும், தூரம் கூடக் கூட மந்தமாகும். பெரிய அச்சென்றால் நடுவிலும் ஒரு குழாய் கொடுப்பது அதற்காகத்தான்.

ரெசினைத் திறப்பதற்கு முன் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரமாவது அழுத்த மீட்டரின் முள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் அவசரப்பட்டுப் பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டேன். பையின் மூலை மடிப்பில் முடி அளவு இடைவெளி இருந்திருக்கிறது. இறுகிய பிறகு பையை உரித்தால், உள்ளங்கை அகலத்துக்கு ரெசினே சேராத வெள்ளைத் திட்டு. மூடி முழுக்க வீண். அங்கே வேலை செய்த மூத்த அண்ணன் திட்டவில்லை. “தம்பி, முள்ளை மட்டும் நம்பாதே. பம்பை நிறுத்திட்டு மடிப்புகிட்ட காதை வை” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மடிப்பிலும் காதை வைத்துக் கேட்பது பழக்கமாகிவிட்டது. மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று வரும், தவறவே தவறாது.

நம் ஊர் சூட்டில் ரெசின் சீக்கிரம் இறுகும். காலை ஏழு மணிக்கே கலக்கிவிட்டால் நல்லது.

ஆய்வகத்தில் நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற செடி வளர்க்கிறோம், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புகையிலை இனம். அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா, தன்னிடம் நாம் வைத்த மரபணுவை இலையின் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். சில இலைகள்தான் என்றால், ஊசி இல்லாத சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து அழுத்தினாலே போதும். நிறைய செடி என்றால் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இலைகளைக் கரைசலில் மூழ்கவைத்து, பம்பை ஓட்டுவோம். 2022 பிப்ரவரியில் கனடா அனுமதித்த கோவிஃபென்ஸ் கோவிட் தடுப்பூசிக்குத் தேவையான புரதத்தை இதே செடியில்தான் தயாரித்தார்கள்.

இங்கே வந்த புதிதில் பட்டறைப் பழக்கம் என்னைக் குழப்பியது. ரெசின் இறுகும்வரை வேக்குவத்தை விடவே கூடாது. இலையில் நேர்மாறு. பம்பு ஓடும்போது இலைக்குள் இருக்கும் காற்று குமிழியாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். வால்வைத் திறந்து காற்றை விடும் நொடியில்தான் கரைசல் இலைத்துளைகள் வழியாக உள்ளே பாய்கிறது. வெளிர் பச்சை இலை கண்ணெதிரே கரும்பச்சையாகி, மழையில் ஊறியது போல ஆகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இன்னொன்று, முள்ளைக் கடைசிவரை இறக்காதீர்கள். 30 டிகிரியில் இருக்கும் நீர், அழுத்தம் சுமார் 42 மில்லிபாருக்கு இறங்கினாலே கொதிக்கும் (வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1000 மில்லிபார்). அந்தக் குமிழியைப் பார்த்து இலைக்காற்று வருகிறது என்று நான் பல நாள் ஏமாந்திருக்கிறேன். 100 மில்லிபார் பக்கம் ஓரிரு நிமிடம் நிறுத்தினாலே எங்கள் செடிக்குப் போதுமாக இருக்கிறது. முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, காலையில் விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் இலைத்துளைகள் திறந்திருக்கும். வாடிய செடியில் பாதி இலை நனையாது.

செடியறையின் குளிர்சாதனம் ஒரு வார இறுதியில் நின்றுபோனது. 28 டிகிரிக்கு மேல் போனால் பாக்டீரியா மரபணுவை அனுப்பும் வேலை தளர்ந்துவிடும். நாங்கள் வைத்த ஒளிரும் புரத மரபணுவால் நான்காம் நாள் புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர வேண்டிய இலைகள், அப்படி ஒளிரவே இல்லை. மூன்று தட்டுச் செடிகளையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி, கொட்டினோம். மரபணு மாற்றிய எதையும் அப்படியே குப்பையில் போட முடியாது.

பம்பைப் பற்றி: பட்டறையில் நான்கு ஆண்டும் எண்ணெய் மாற்றியதைத் தவிர ஒரு செலவும் வைக்கவில்லை. ரெசின் பம்புக்குள் போகாமல் இருக்க நடுவில் ஒரு பிடிகலம் இருந்தால் சரி. ஆய்வகத்தில்தான் தொல்லை. நீராவி கலந்து எண்ணெய் பால் மாதிரி வெளுத்துவிடும், உறிஞ்சும் வலு குறையும். வேலை முடிந்ததும் பம்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடும் காஸ் பாலாஸ்ட் வால்வைத் திறந்து அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டால் ஓரளவு தெளியும். அப்படியும் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. இனி ஆய்வகத்துக்கு வாங்கினால் எண்ணெய் இல்லாமல் ஒரு சவ்வு அசைந்து காற்றை இழுக்கும் டயாஃப்ரம் பம்பைத்தான் கேட்பேன். இலைக்கு அந்த உறிஞ்சலே தாராளம்.